பதினொரு மணி டீயும் இரும்புச்சத்து மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 24. குன்னத்தூர் பக்கம் தோட்டத்து வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இது ஐந்தாம் மாதம், ஹீமோகுளோபின் 9.4. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையை 11 மணி டீயோடு போடுகிறேன். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. இரும்பு மாத்திரையால் குழந்தை கறுத்துவிடும், இரவில் குங்குமப்பூ பால் குடி என்கிறார் அத்தை. நன்றாகச் சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா? புதிதாகக் கல்யாணமான என் தங்கையும் இப்போதே ஏதாவது மாத்திரை போட வேண்டுமா?

பதில்: விட வேண்டாம், அம்மிணி. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 ஆவது இருக்க வேண்டும். 9.4-ஐ வெறும் சாப்பாட்டால் பிரசவத்துக்குள் மேலே கொண்டுவருவது கஷ்டம். கீரையிலும் பயறிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ரத்தம் இப்படிக் குறைந்திருக்கும்போது பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் தாங்குவது சிரமம். என் கவலையெல்லாம் அதுதான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த 11 மணி டீ. டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிவிடும். பாலும் கால்சியம் மாத்திரையும் இதே வேலையைத்தான் செய்யும். அதனால் நேரத்தை மாற்றுங்கள். கால்சியம் 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போடுங்கள். இரும்பு மாத்திரை ராத்திரி படுக்கப் போகும்போது, வெறும் தண்ணீரில். கூடவே அரை நெல்லிக்காயோ ஒரு துண்டு கொய்யாவோ கடித்துக்கொண்டால் இரும்பு நன்றாக உள்ளே போகும். தூங்கிவிடுவதால் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது. அத்தை தரும் பாலை மாலை 6 மணிக்கே குடித்துவிடுங்கள். டீ வேண்டுமென்றால் 4 மணிக்கு ஒன்று போதும்.

அந்த சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. எல்லாக் கர்ப்பிணிக்கும் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். உங்கள் அளவுக்கு வழக்கமாகத் தினம் இரண்டு தருவார்கள். கிராம செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்டு இரண்டாக்குங்கள். இரண்டாவதை 11 மணிக்கு, டீ இல்லாமல் போடலாம். மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொண்டது போக மீந்த இரும்பால்தான், பயம் வேண்டாம். குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. மாத்திரை கறுப்பாக்காது, குங்குமப்பூ சிவப்பாக்காது. அத்தையிடம் இந்தப் பதிலைப் படித்தே காட்டுங்கள். உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

குடற்புழு மாத்திரை போட்டீர்களா? தோட்டத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தை உறிஞ்சும். நான்காம் மாதத்துக்கு மேல் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு முறை தருவார்கள். செருப்பில்லாமல் வாய்க்கால் வரப்பில் இறங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு நம் வீட்டுச் சமையலே நல்ல அடித்தளம். ராகிக் களி கால்சியத்துக்கு, பச்சைப்பயறு கடைசலும் அரிசிம்பருப்பு சோறும் புரதத்துக்கு, முருங்கைக்கீரை எல்லாவற்றுக்கும். கொள்ளு சூடு, கரு கலைந்துவிடும் என்று ஒதுக்குகிறார்கள். நன்றாக வேகவைத்த கொள்ளுப் பருப்பால் அப்படி எதுவும் நடக்காது. தினம் ஒரு முட்டை சேருங்கள். சைவம் என்றால் தயிரை விடாதீர்கள், பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லுப்புப் பழக்கம் இருந்தால் அயோடின் கலந்த உப்புக்கு மாறுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது வேண்டும். டப்பாவில் விற்கும் விலை உயர்ந்த புரதப் பவுடர் உங்களுக்குத் தேவையில்லை. கடையில் சொன்னார்கள் என்று கூடுதலாக மல்டிவைட்டமினும் வாங்கிப் போடாதீர்கள். வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவைப் பாதிக்கும்.

தங்கை விஷயம் அவசரம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான முதல் 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளியதே உறைத்திருக்காது. அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் அளவு கூடும், டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

நீங்கள் நான்கு வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பாருங்கள். 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றுவார்கள். அதற்கு முன்பே மூச்சு வாங்கினாலோ, படபடப்போ மயக்கமோ வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.