சிகாகோவில் நல்ல ஹாட் டாக் எங்கே கிடைக்கும்?

தம்பி, சிகாகோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் பெட்ரோல் பங்க் கடையில் ஒரு ஹாட் டாக் வாங்கிச் சாப்பிட்டேன், சவக் சவக்கென்று இருந்தது, இதற்கா இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு பெருமை பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அது என்ன கறி, நல்லது எங்கே கிடைக்கும், போலிஷ், பிராட் என்றெல்லாம் ஆபீஸில் சொல்கிறார்களே அதெல்லாம் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் மனைவியும் மகனும் வருகிறார்கள், அவர்களைக் கூட்டிப்போக இடம் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள்.

இந்த ஊரில் குடும்பத்தோடு வெகுகாலமாக இருக்கிறேன். ஊர்க்காரர்களின் பெருமை நியாயமானதுதான். பெட்ரோல் பங்க்கில் சூடான உருளைகளின் மேல் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஹாட் டாக் என்பது நீளமான பன்னுக்குள் வைத்த சாசேஜ், அதாவது அரைத்த கறியைக் குடல் மாதிரியான உறையில் அடைத்து வேகவைத்தது. கறி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களுக்கு அதுதான் முக்கியம். சிகாகோவின் ஹாட் டாக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முழு மாட்டுக்கறி. கடைப் பலகைகளில் 'வியன்னா பீஃப்' என்ற பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைக்கெல், சாமுவேல் லடானி என்ற இரண்டு யூதர்கள் 1893-ல் இங்கே நடந்த உலகக் கண்காட்சியில் சாசேஜ் விற்று, அதிலிருந்து வளர்த்த கம்பெனி அது. யூதர்களின் சாப்பாட்டில் பன்றிக்கு இடமில்லை. அவர்கள் கைபட்டு வளர்ந்த தொழில் என்பதால் சிகாகோ, நியூயார்க் இரண்டு ஊரிலும் ஹாட் டாக் மாட்டுக்கறியாகவே நிலைத்துவிட்டது. ஆகவே மாடு சாப்பிடாதவர்கள், 'ஏதோ சிக்கனாக இருக்கும்' என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் கோழி, பன்றி, மாடு மூன்றும் கலந்தே இருக்கும். எது எது கலந்திருக்கிறது என்று லேபிளில் போட்டாக வேண்டும் என்பது சட்டம், அதனால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் சொல்வதில்லை. 'ஆல் பீஃப்' என்று போட்டிருந்தாலும் மேல் தோல் மாட்டினுடையதாக இருக்க வேண்டும் என்றில்லை. மெல்லிய ஹாட் டாக்குக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குடல், தடித்த போலிஷுக்கும் பிராட்டுக்கும் (இவை என்ன என்று பின்னால் சொல்கிறேன்) பெரும்பாலும் பன்றிக்குடல். கறி ஒன்று, குடல் வேறு ஒன்று என்றால் பாக்கெட்டில் அதையும் குறிப்பிட்டிருப்பார்கள். கடையில் சாப்பிடும்போது நாமாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹலால் வேண்டுமென்றால், நம்மவர் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவில் ஹலால் கறிக்கடைகள் இருக்கின்றன, அங்கே ஹலால் பீஃப் ஹாட் டாக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் சைவம் என்றால் 'போர்ட்டிலோஸ்' என்ற கடைகளுக்குப் போகலாம். 2022-லிருந்து தாவரப் புரதத்தில் செய்த ஹாட் டாக்கை அவர்கள் மெனுவில் சேர்த்திருக்கிறார்கள், மேலே போடும் காய்கள் எல்லாம் அதே சிகாகோ முறைதான்.

கண்ட கழிவையும் அரைத்துப் போடுவார்கள் என்று நம்மவர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. நல்ல கம்பெனியின் பீஃப் ஹாட் டாக்கில் இருப்பது மாட்டுக்கறி, கொழுப்பு, தண்ணீர், உப்பு, பூண்டு, மசாலா, கறி கெடாமலும் சிவப்பு மாறாமலும் இருக்க நைட்ரைட். கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கொழுப்பும் சேர்த்த தண்ணீரும் கூட்டினால் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விவசாயத் துறை விதி வைத்திருக்கிறது. உறுப்புக் கறி சேர்த்தால் அதையும் லேபிளில் சொல்லியாக வேண்டும். உப்பும் கொழுப்பும் அதிகம் என்பது உண்மை. தினமும் சாப்பிடும் பண்டம் கிடையாது. ஆனால் அருவருக்க வேண்டிய பண்டமும் கிடையாது.

இனி ருசி. ஹாட் டாக்கில் முக்கால்வாசி விஷயம் தோலில் இருக்கிறது. இயற்கையான குடலில் அடைத்த ஹாட் டாக்கைக் கடித்தால் பல் முதலில் ஒரு நொடி நிற்கும். அப்புறம் 'டப்' என்று தோல் விட்டுக்கொடுக்கும், உள்ளேயிருந்து சூடான சாறு வரும். அந்த 'டப்' இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் மதிக்க மாட்டார்கள். நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் தோலில்லாத வகையாக இருக்கும். அதைச் செல்லுலோஸ் குழாயில் அடைத்து வேகவைத்து, வெந்ததும் குழாயை உரித்து எடுத்துவிடுவார்கள். விசித்திரம் என்னவென்றால் அந்தச் செல்லுலோஸ் குழாயை 1920-களில் கண்டுபிடித்த எர்வின் ஃபிராய்ண்டும் சிகாகோக்காரர்தான். மலிவு, ஒரே அளவு, இயந்திரத்துக்கு வசதி என்பதால் சூப்பர் மார்க்கெட் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. ஆகவே புதுக் கடைக்குப் போனால் 'நேச்சுரல் கேசிங்' (இயற்கையான குடல் தோல்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் உட்காருங்கள்.

சிகாகோ முறையில் மேலே என்னென்ன வரும் என்று தெரிந்துகொண்டால் ஆர்டர் கொடுக்கச் சுலபம். கசகசா தூவி ஆவியில் மெதுவாக்கிய பன், சூடான தண்ணீரில் கிடந்து வெந்த சாசேஜ், அதன் மேல் மஞ்சள் மஸ்டர்டு (கடுகுச் சாஸ்), கண்ணைப் பறிக்கும் பச்சையில் இனிப்பு ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), வதக்காமல் பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டு, நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி பிக்கிள், வினிகரில் ஊறிய சின்னச் சின்ன ஸ்போர்ட் மிளகாய், கடைசியில் ஒரு சிட்டிகை செலரி உப்பு. கவுண்டரில் 'எவ்ரிதிங்' என்று ஒரே வார்த்தை சொன்னால் இத்தனையும் வந்துவிடும். அந்த மிளகாய் நம் ஊசிமிளகாய் மாதிரி சின்னதாக இருக்கும், காரமும் புளிப்பும் சேர்ந்து நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். கூச்சப்படாமல் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள். செலரி உப்பைத் தவிர்க்காதீர்கள், இவ்வளவு புளிப்பையும் இனிப்பையும் ஒன்றாகக் கட்டுவது அதுதான்.

கெட்சப் மட்டும் கேட்காதீர்கள். சண்டைக்கு வர மாட்டார்கள், பல கடைகளில் கொடுக்கவும் செய்வார்கள். ஆனால் தக்காளியும் ரெலிஷும் ஏற்கெனவே இனிப்பைக் கொடுத்துவிட்ட பிறகு கெட்சப்பும் சேர்ந்தால் கறியின் ருசி அமுங்கிவிடும். இந்த விஷயத்தில் நான் முழுக்க ஊர்க்காரர்கள் பக்கம். குழந்தைகளுக்கு விதிவிலக்கு உண்டு.

இத்தனை காய் ஏன் என்றால், 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியின்போது ஐந்து சென்ட்டுக்கு ஒரு வேளைச் சாப்பாடாக விற்றது இது. மேக்ஸ்வெல் தெருவில் 'ஃப்ளூக்கிஸ்' என்ற கடையில்தான் இந்த முறை தொடங்கியது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்தத் தெரு யூதர்களும் கிரேக்கர்களும் இத்தாலியர்களும் கறுப்பினத்தவரும் நெருக்கியடித்து வியாபாரம் செய்த சந்தை. ஒவ்வொருவர் வீட்டுச் சாமானும் அந்த ஒரே பன்னுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. வந்து குடியேறியவர்கள் சேர்ந்து செய்த சாப்பாடு என்பதாலேயே எனக்கு இதன் மேல் தனிப் பாசம்.

கடைகளுக்கு வருகிறேன். ஒன்றே ஒன்று சொல் என்றால் சிகாகோவை ஒட்டிய ரிவர் குரோவில் இருக்கும் 'ஜீன் அண்ட் ஜூட்ஸ்'. 1946-ல் தொடங்கிய கடை. உட்கார நாற்காலி கிடையாது, சுவரோரப் பலகையில் வைத்து நின்றபடி சாப்பிட வேண்டும், அல்லது காருக்கு எடுத்துப் போக வேண்டும். கெட்சப் கடையிலேயே கிடையாது. தக்காளியும் பிக்கிளும்கூடக் கிடையாது. மஸ்டர்டு, ரெலிஷ், வெங்காயம், மிளகாய், அவ்வளவுதான். அதன் மேல் அப்போதே வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கை ஒரு கை அள்ளிப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். பிரித்தால் கிழங்கின் அடிப்பக்கம் சாசேஜ் சூட்டிலும் மஸ்டர்டிலும் ஊறி மெத்தென்று இருக்கும், மேல்பக்கம் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். முதலில் கொஞ்சம் கிழங்கை எடுத்துச் சாப்பிட்டு இடம் பண்ணிக்கொண்டு அப்புறம் கடியுங்கள். வரிசை நீளமாக இருந்தால் பயப்படாதீர்கள், வேகமாக நகரும். ஆனால் என்ன வேண்டும் என்பதை முன்னாடியே முடிவு செய்துகொண்டு போங்கள்.

குடும்பத்தோடு போக 'சூப்பர்டாக்'. 1948-லிருந்து இருக்கிறது. கூரை மேல் மனிதர்கள் மாதிரி உடை போட்ட இரண்டு பெரிய ஹாட் டாக் பொம்மைகள் நிற்கும், உங்கள் மகனுக்கு அதைப் பார்த்தாலே போதும். காரில் உட்கார்ந்தபடியே ஒலிபெருக்கியில் ஆர்டர் சொன்னால் தட்டைக் கொண்டுவந்து கார்க் கண்ணாடியில் மாட்டிவிடுவார்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு வசதி, டெவானும் மில்வாக்கி அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. டெவானில் மளிகைச் சாமான் வாங்கிவிட்டு அதே சாலையில் மேற்கே போனால் வந்துவிடும். போர்ட்டிலோஸ் 1963-ல் புறநகரான வில்லா பார்க்கில் ஒரு சின்ன டிரெய்லரில் ஆரம்பித்தது, இப்போது புறநகரெங்கும் கிளைகள். நம்பிப் போகலாம், ஆனால் சின்னக் கடைகளில் இருக்கும் அந்தக் கை ருசி அங்கே குறைவு.

போலிஷ் என்பது இதைவிடத் தடிமன், பூண்டும் மசாலாவும் தூக்கல். தட்டையான கல்லில் போட்டு வாட்டி, அதே கொழுப்பில் குவியலாக வெங்காயத்தை வதக்கி, மஸ்டர்டோடும் ஸ்போர்ட் மிளகாயோடும் கொடுப்பார்கள். இதுவும் மேக்ஸ்வெல் தெருவின் பிள்ளைதான், 1939-ல் தொடங்கிய 'ஜிம்ஸ் ஒரிஜினல்' இதற்குப் பேர் வாங்கிய கடை. காரமும் பூண்டும் பிடித்த தமிழ் நாக்குக்கு ஹாட் டாக்கைவிடப் போலிஷ் முதலில் பிடிக்கும் என்பது என் அனுபவம். பல கடைகளில் போலிஷில் பன்றியும் கலந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராட் வேறு ஜாதி. அது விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறிய ஜெர்மானியர்களுடையது. பெரும்பாலும் பன்றிக்கறி, புகை போடாதது, வெளிர் நிறம், ஜாதிக்காய் வாசனை லேசாக இருக்கும். கடையில் பச்சையாகவே விற்பார்கள் என்பதை மறக்காதீர்கள். ஹாட் டாக் ஏற்கெனவே வெந்தது, பிராட்டை உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை சுட வேண்டும். நல்ல பிராட் சாப்பிட வேண்டுமென்றால் விஸ்கான்சினின் ஷெபாய்கன் ஊருக்குப் போங்கள், இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். கரியடுப்பில் நிதானமாகச் சுட்டு, மேலே மொறுமொறுவென்று இருக்கும் உருண்டை ரொட்டியில், இரண்டு இரண்டாக வைத்துக் கொடுப்பார்கள். கடை வாசலில் சிகாகோ மாதிரி ஏழு சாமான் கேட்காதீர்கள். பழுப்பு மஸ்டர்டு, வெங்காயம், பிக்கிள் போதும்.

மற்ற ஊர்களுக்கு வேலையாகவோ சுற்றவோ போனால் அங்கங்கே அந்தந்த ஊர் முறையைக் கேட்டுச் சாப்பிடுங்கள். டெட்ராய்ட்டில் பீன்ஸ் இல்லாத கறிக் குழம்பு, மஸ்டர்டு, வெங்காயம் போட்ட 'கோனி'. கிரேக்கர்கள் உண்டாக்கியது, 'அமெரிக்கன்', 'லஃபாயெட்' என்று இரண்டு கடைகள் ஒட்டி ஒட்டி இருக்கும், இரண்டிலும் ஒவ்வொன்று சாப்பிடலாம். நியூயார்க்கில் தள்ளுவண்டியில் புளித்த முட்டைக்கோஸும் வெங்காயச் சாஸும் போட்டுத் தருவார்கள். அதே நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 'நேத்தன்ஸ்' 1916-லிருந்து இருக்கிறது, அங்கே கல்லில் வாட்டியதைச் சாப்பிட வேண்டும். வாஷிங்டனில் 'பென்ஸ் சில்லி பௌல்' கடையின் ஹாஃப் ஸ்மோக் என்ற சாசேஜ், காரம் உள்ளது, கடை 1958-லிருந்து இருக்கிறது. அரிசோனாவின் டூசான் பக்கம் போனால் மெக்சிகோக்காரர்களின் சொனோரா முறை. பேக்கன் (மெல்லிய பன்றிக்கறிப் பட்டை) சுற்றிய சாசேஜ், இனிப்பான மெத்து ரொட்டி, பீன்ஸ், பச்சை மிளகாய். சிகாகோவுக்கு அடுத்தபடியாக என் மனதில் இருப்பது அதுதான்.

வீட்டில் செய்வதாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள், தோல் வெடித்துச் சாறு வெளியே போய்விடும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, சாசேஜைப் போட்டு ஏழெட்டு நிமிடம் விடுங்கள், பன்னை அதே ஆவியில் காட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால், வெந்து வந்த பாக்கெட்தானே என்று குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ கொடுக்கக் கூடாது, ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும், லிஸ்டீரியா கிருமிக்காகச் சொல்வது. மகனுக்கு நான்கு வயதுக்குள் என்றால் சாசேஜை வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அப்படியே அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காகக் கீறி, அப்புறம் பொடியாக வெட்டிக் கொடுங்கள்.