ஸ்பானிய மொழியில் ‘ஆயா’, ‘உபியேரா’ ஆகிய இரண்டில் எதை எப்போது பயன்படுத்துவது?

இரண்டுமே ‘அபேர்’ என்னும் துணைவினையின் சப்ஜங்டிவ் வடிவங்கள், அதாவது உறுதியாக நடந்ததாகச் சொல்லாத வினை வடிவங்கள். ஐயம், விருப்பம், எதிர்பார்ப்பு போன்றவற்றைச் சொல்லும் வாக்கியங்களில், பேசப்படும் செயல் ஏற்கெனவே முடிந்துவிட்டதாகக் கருதப்படும்போது இவை வருகின்றன. முதன்மை வினை நிகழ்காலத்தில் இருந்தால் பெரும்பாலும் ‘ஆயா’ வரும்: ‘தூதோ கே ஆயா யெகாதோ’, அதாவது அவன் வந்திருப்பான் என்பது எனக்கு ஐயமே. அந்த ஐயம் இறந்தகாலத்துக்கு நகர்ந்தால், ‘தூதாபா கே உபியேரா யெகாதோ’ என்றாகும். ‘உபியேரா’வுக்குப் பதில் ‘உபியேசே’ என்றாலும் சரியே.

இனி வரப்போகும் செயலுக்கும் ‘ஆயா’ பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘குவாந்தோ ஆயாஸ் தெர்மினாதோ, யாமாமே’ என்றால், நீ முடித்த பிறகு என்னைக் கூப்பிடு.

நடக்காமல் போனதைச் சொல்லும் நிபந்தனை வாக்கியம் தமிழருக்கு எளிது என்பேன். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் இருபுறமும் ‘இரு’ துணைநிற்பதுபோலவே, ‘சி லோ உபியேரா சபிதோ, அப்ரியா பெனிதோ’ என்பதில் இருபுறமும் ‘அபேர்’ துணைநிற்கிறது; ‘சி’ என்பது தமிழின் ‘-ஆல்’ போன்றது, ‘அப்ரியா’ என்பது ‘அபேர்’ வினையின் நிபந்தனை வடிவம். ஆனால் ‘சி’க்குப் பின் ‘அப்ரியா’ வரவே கூடாது. ஸ்பெயினின் வடபகுதிப் பேச்சில் அதைக் கேட்கலாம் என்றாலும், எழுத்துநடை அதை ஏற்பதில்லை.