மூக்கு ஸ்பிரே தொண்டையில் கசப்பது ஏன்?

கேள்வி: தூசி அலர்ஜிக்காகப் புளூட்டிகசோனும் அசெலாஸ்டினும் கலந்த ஸ்பிரேயைப் பத்து நாளாக அடிக்கிறேன். அடித்ததும் தொண்டை கசக்கிறது. வலது மூக்கில் லேசாக ரத்தமும் கசிகிறது. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் அடிக்கும் கோணத்தை மாற்றுங்கள். கசப்பு அசெலாஸ்டினுடையது. அது நாக்கில் தெரிகிறது என்றால், மூக்கில் தங்க வேண்டிய மருந்து தொண்டைக்கு ஓடிவிட்டது.

ஒரு துளையில் சுமார் 0.1 முதல் 0.15 மி.லி. திரவம்தான் தங்கும். ஓர் அழுத்தலில் வருவதே ஏறக்குறைய அவ்வளவு. ‘நன்றாக ஏறட்டும்’ என்று அண்ணாந்து, இரண்டு மூன்று முறை அடித்துப் பலமாக உறிஞ்சினால் மிச்சமெல்லாம் வயிற்றுக்குத்தான். விழுங்கிய புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டைக் கல்லீரல் பெரும்பாலும் சிதைத்துவிடும். கெடுதல் குறைவு, பலனும் இல்லை. வலிப்புக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் வேறு வகை. அது சவ்வு வழியே நேராக ரத்தத்தில் கலந்து, முதலில் கல்லீரலுக்குள் போகாமலே மூளைக்குப் போகிறது. உங்கள் மருந்துக்கு வேலையே மூக்குச் சவ்வில்தான்.

மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். உப்புநீரால் கழுவும் பழக்கம் இருந்தால் கழுவிப் பத்து நிமிடம் விடுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். புது பாட்டில், அல்லது பல நாள் தொடாதது என்றால், சீரான புகைபோல் வரும்வரை காற்றில் அடித்துப் பாருங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலது துளைக்கு இடது கையால், இடது துளைக்கு வலது கையால் அடியுங்கள். முனை அதே பக்கத்துக் கண்ணின் வெளியோரத்தை நோக்கி இருக்கட்டும். பூ வாசம் பிடிப்பதுபோல் மெல்ல இழுத்தால் போதும். பிறகு கால் மணி நேரம் மூக்கைச் சிந்த வேண்டாம்.

ரத்தக் கசிவுக்கும் கோணமே காரணமாக இருக்கலாம். வலது கையால் வலது துளையில் அடிக்கும்போது முனை நடுச்சுவரை நோக்கித் திரும்பிவிடும். அதன் முன்பகுதியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஸ்டீராய்டு தினமும் அங்கேயே பட்டால் சவ்வு காய்ந்து வெடிக்கும். கசியும் பக்கத்தில் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் கசிந்தாலோ பொருக்குத் தட்டினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அசெலாஸ்டின் அரை மணிக்குள் தும்மலைக் குறைக்கும். ஸ்டீராய்டின் முழுப் பலனுக்கு ஓரிரு வாரம் ஆகும்; பத்து நாளும் தவறாக அடித்திருந்தால் அந்தக் கணக்கை இன்று தொடங்குங்கள். இடையில் அடைப்புக்குச் சைலோமெட்டசோலின் சொட்டு விட்டால் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அந்தச் சொட்டே மூக்கை அடைக்கும்.