கேம் ஷோவுக்கென்றே தமிழில் ஒரு சேனல் வந்தால் ஓடுமா?

"அமெரிக்காவில் கேம் ஷோ மட்டுமே போடும் கேபிள் சேனல் இருக்கிறதாமே, தமிழில் வந்தால் ஓடுமா, காசு கட்டிப் பார்ப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் சந்தில் 2000இலேயே ஒன்று ஓடியது. யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. தாய்மாமா ஒரு கேபிள்காரரிடம் வேலை பார்த்தார். மாசம் பிறந்தால் வீடு வீடாக வசூல், மழை பெய்தால் தகரக் கூரைமேல் ஏறி ஒயரைத் தேடுவது. கேபிள்காரருக்குச் சொந்தமாக ஒரு வீடியோ சேனல் உண்டு, அதில் படம் போடுவார். அந்த ஜூலையில் ஸ்டார் ப்ளஸ்ஸில் அமிதாப் பச்சனின் 'கௌன் பனேகா க்ரோர்பதி' தொடங்கியதும் ராத்திரி அதை வி.சி.ஆரில் பிடித்து மறுநாள் மதியம் போட ஆரம்பித்தார். காரணம் இட்லிதான். எங்கள் பக்கம் இட்லி வியாபாரம் செய்கிற வீடுகள் ஏராளம். விடியலுக்கு முன்னால் அடுப்பு பற்றவைக்கிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி பார்ப்பார்களா?

அம்மாவும் அந்தக் கூட்டம்தான். அவளுக்கு இந்தி காய்கறி வாங்குகிற அளவுக்கு வரும். நான் எட்டாவது. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியைத் தமிழில் சொல்வேன், அமிதாப் நாலாவது ஆப்ஷனைப் படிப்பதற்குள் விடையையும் சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு அத்தைமார் வாயைப் பிளப்பார்கள். முந்தின ராத்திரியே மாமா வீட்டில் பார்த்துவிட்டு வந்தவன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அக்டோபரில், ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மும்பைக்காரர் ஹர்ஷ்வர்தன் நவாதே முதல் கோடியை ஜெயித்தார். அந்தப் பதினைந்தாவது கேள்விக்கும் முந்திக்கொண்டு சொன்னேன். எல்லோரும் போனபிறகு அம்மா கேட்டாள்: "ஏலே, கோடி ரூவா கேள்விக்கு விடை தெரிஞ்சவனுக்குக் கணக்குல முப்பத்தாறு எப்படிலே வந்துச்சு?"

என் குருநாதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. மைக்கேல் லார்சன், ஒஹையோவில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர். 'ப்ரெஸ் யுவர் லக்' என்ற ஷோவில் கட்டம் கட்டமாக வெளிச்சம் தாவும், பொத்தானை அமுக்கினால் நின்ற கட்டத்தில் இருப்பது பரிசு. அவர் வீட்டில் டேப்பில் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வெளிச்சம் ஐந்தே வரிசைகளில்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். 1984இல் போய் 1,10,237 டாலர் அள்ளினார். விதியில் எதுவும் தடுக்கவில்லை, கொடுத்தாக வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்கிற 'கேம் ஷோ நெட்வொர்க்' 2003இல் இதைப் பற்றி ஆவணப்படமே போட்டது.

1994 டிசம்பர் 1 அன்று தொடங்கிய அந்தச் சேனல் பெரும்பாலும் பழைய சரக்கில் பிழைத்தது. அங்கே சரக்குக்குப் பஞ்சமில்லை. 'ஜெப்பர்டி' என்ற வினாடி வினா ஷோவை ஒரே நாளில் ஐந்து எபிசோட் எடுத்துத் தள்ளுவார்கள், சீசனுக்கு 230 வரும். அரை மணி நேரம், மேசைக்குப் பின்னால் மூன்று பேர், கேள்வி, பதில். அழுகை கிடையாது. அப்படியும் 1997 அக்டோபரில் குட்சன் நிறுவனத்தின் பழைய ஷோக்களுக்கான உரிமை கைவிட்டுப் போக, அடுத்த ஏப்ரல் வரை சேனல் அல்லாடியது. ரசிகர்கள் அதற்கு 'இருண்ட காலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்', ரம்யா கிருஷ்ணனின் 'தங்க வேட்டை', ஜெயா டிவியில் குஷ்புவின் 'ஜாக்பாட்', விஜய் டிவியில் சூர்யாவில் தொடங்கிய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. எல்லாம் தனித்தனிச் சேனல்களின் கையில். அதைவிட, இங்கே ஆட்டத்தை விட நட்சத்திரத்துக்கும் போட்டியாளரின் சோகக் கதைக்கும்தான் நேரம் போகிறது. சோகக் கதையை இரண்டாம் தடவை யார் பார்ப்பார்கள்? ஆட்டத்தைப் பார்ப்பார்கள், விடை தெரிந்தே பார்ப்பார்கள். எங்கள் வீட்டு மதியங்கள் அப்படித்தான் போயின. ஆகவே இருக்கிற சரக்கை வைத்து ஓடாது. தினமும் அரை மணி நேர மலிவான ஆட்டங்களாக இரண்டு வருஷம் எடுத்துச் சேர்த்துவிட்டுத் தொடங்கினால் ஓடலாம்.

காசு விஷயம்: 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி மாறியதிலிருந்து கட்டணச் சேனல்களைத் தனித்தனியாகவும் எடுக்கலாம். நான் எடுப்பேன். இதை எழுதும்போது அம்மாவிடமும் கேட்டேன்.

"கோடி கோடியாக் குடுக்கறவன் நம்மகிட்ட எதுக்குலே காசு கேக்கான்?"