பிளாஸ்டிக் பாட்டிலை மறுபடியும் புதிய பாட்டிலாகவே ஆக்க முடியுமா?

முடியும். உருக்கி வார்க்கும் வழக்கமான முறையில் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளான பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்து, சுற்றுக்குச் சுற்று தரம் குறைகிறது. வேதிவினையைத் தூண்டும் புரதமான நொதியைக் கொண்டு செய்யும் முறையோ, பாட்டில்கள் செய்யப் பயன்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கை அதன் மூலப்பொருள்களாகவே பிரித்துவிடுகிறது.

2016-இல் ஜப்பானின் சகாய் நகரில் பெட்டைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டறிந்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மெல்லிய படலம் ஒன்றைச் சிதைக்கவே அதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. 2020-இல் பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள், மட்கிய இலைதழையில் கிடைத்த வேறொரு நொதியை மாற்றியமைத்தார்கள். அரைத்துப் பக்குவப்படுத்திய பெட்டில் 90 சதவீதத்தை, 72 டிகிரி செல்சியஸில், 10 மணி நேரத்தில் அது பிரித்துவிட்டது. எவ்வளவு பெரிய பாய்ச்சல்! அந்த வெப்பத்தில் பெட் இளகுவதால் நொதிக்கு வேலை எளிதாகிறது. கிடைத்த மூலப்பொருளிலிருந்து புதிய பாட்டிலும் செய்து காட்டினார்கள்.

ஆனால் பாலித்தீன் பைகளுக்கு இது உதவாது. அவற்றின் கார்பன்-கார்பன் பிணைப்புகளை இந்த நொதியால் வெட்ட முடியாது.