தீராத வயிற்றுப்போக்கு: எச்.ஐ.வி.யும் குடல் ஒட்டுண்ணிகளும் (கேள்வி பதில்)

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. சி.டி.4 அளவு (நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் எண்ணிக்கை) 60. நான்கு மாதமாகத் தண்ணீராகவே போகிறது. மலப் பரிசோதனையில் இருமுறையும் ஒன்றுமில்லை என்கிறார்கள். பூச்சி மருந்தும் கேட்கவில்லை.

பதில்: வழக்கமான பரிசோதனையில் தென்படவில்லை என்பதற்கு மேல் அந்த முடிவுக்குப் பொருளில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியின் வித்து 4 முதல் 6 மைக்ரான் அளவே இருக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏற்றும் சாயத்தைச் சற்றே மாற்றி ஏற்றினால்தான் அது சிவப்பாகத் துலங்கும். அந்தச் சாயப் பரிசோதனையை (மாடிஃபைட் ஆசிட்-ஃபாஸ்ட்) பெயர் சொல்லிக் கேட்டு, வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுங்கள். கிரிப்டோஸ்போரிடியமே என்று தெரிந்தால் அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து பயன்படாது. இவ்வளவு குறைந்த சி.டி.4 அளவில் நிடசாக்ஸனைடு என்ற ஒட்டுண்ணி மருந்தையும் நம்பியிருக்க முடியாது. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) சரியாக வேலை செய்து சி.டி.4 அளவு 100-ஐத் தாண்டும்போது பெரும்பாலும் நோய் தானாக அடங்கும். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசலும் ஊட்டமும் குறையக் கூடாது.

கேள்வி: எனக்கு ஐசோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணி. கோட்ரைமாக்சசோல் மாத்திரை சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு நிற்கிறது, விட்டால் திரும்புகிறது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா?

பதில்: சாப்பிடும்போது நிற்கிறது என்று நீங்களே சொல்வதால், அப்படி நினைக்க இடமில்லை. முழு அளவுச் சிகிச்சை முடிந்த பிறகும், சி.டி.4 அளவு 200-க்கு மேல் ஏறி ஆறு மாதமாவது நிலைக்கும் வரை, தடுப்பு அளவில் அதே மாத்திரையைத் தொடர வேண்டும். இடையில் நிறுத்துவோருக்கே இது பெரும்பாலும் திரும்புகிறது. தொடர்ந்து சாப்பிட்டும் திரும்பினால் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள எச்.ஐ.வி. அளவு) பாருங்கள்.

கேள்வி: எந்தப் பூச்சி மாத்திரை நல்லது?

பதில்: எந்த ஒட்டுண்ணி என்று தெரியாமல் எதுவும் நல்லதன்று. மைக்ரோஸ்போரிடியா என்ற ஒட்டுண்ணி வகையிலேயே என்செபாலிடோசூன் அல்பெண்டசோலுக்கு அடங்கும், என்டரோசைட்டோசூன் அடங்காது.

கேள்வி: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். அது போதாதா?

பதில்: கிரிப்டோஸ்போரிடியத்துக்குப் போதாது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், குளோரின் கலந்து சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் வழியாகவே ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு இந்த நோய் பரவியது.

கேள்வி: அது வெளிநாடு. எங்கள் ஊரில் முப்பது வருடமாகப் பவுடர்தான் போடுகிறோம்.

பதில்: காலராவுக்கு அது உதவியிருக்கும், மறுக்கவில்லை. இந்த வித்தின் உறை எல்லா ஊரிலும் ஒன்றே. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

கேள்வி: பிள்ளைக்கு 14 கிலோ எடை. எத்தனை மில்லி மருந்து கொடுக்கலாம்?

பதில்: பிள்ளையைப் பார்க்காமல் அளவு சொல்ல மாட்டேன். ஏ.ஆர்.டி. மையத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து எடுத்தால் இதெல்லாம் வராதல்லவா?

பதில்: மேலே மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கேன் தண்ணீர்?

பதில்: அதையும் கொதிக்க வையுங்கள்.