தீ எரியாத மாதத்தில் தீயணைப்புப் படைக்கு என்ன வேலை? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பதில்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் சிறிய ஊர்களின் தீயணைப்பு நிலையங்கள்கூட, இந்த மாதம் இத்தனை அழைப்புகள் வந்தன, இன்னின்ன பயிற்சிகள் நடந்தன என்று மாதாந்த அறிக்கை வெளியிடுகின்றன. எங்கள் ஊரில் தீ எரியாத மாதத்தில் தீயணைப்புப் படையினர் என்ன செய்கிறார்கள்? அப்படியோர் அறிக்கை இங்கே வெளிவந்தால் அதில் நாம் எதைக் கவனிக்க வேண்டும்?"

நான் தீயணைப்பு வீரன் அல்லன். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவன் என்பதால், பணியாளர்களுக்கான தீத்தடுப்புப் பயிற்சிகளை ஒழுங்குசெய்வதும், வீரர்கள் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதும் என் வேலையின் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழைப்புகளின் எண்ணிக்கைக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள், கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பயிற்சி அந்த மாதம் நடந்ததா என்று பாருங்கள்.

அழைப்புகளின் எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்கக் கணக்கே சான்று. அந்நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தரும் புள்ளிவிவரப்படி, 2020 ஆம் ஆண்டில் அங்குள்ள தீயணைப்புப் படைகளுக்கு ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் அழைப்புகள் வந்தன. அவற்றுள் உண்மையில் தீ எரிந்தவை 14 இலட்சத்துக்குக் கிட்ட மட்டுமே. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அழைப்புகள் நெஞ்சுவலி, விழுந்து அடிபட்டமை, மூச்சுத்திணறல் போன்ற மருத்துவத் தேவைகளுக்கானவை. அங்கே தீயணைப்பு வீரரே முதலுதவியாளராகவும் இருப்பதால் அறிக்கையின் எண்கள் பருத்துத் தெரிகின்றன. எங்களிடம் அந்த வேலையை 1990 என்ற எண்ணில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை செய்கிறது. வட மாகாணத்துக்கு அது 2018 ஜூலையில் வந்தது. ஆகவே இங்குள்ள தீயணைப்பு நிலையமொன்றின் பதிவேட்டில் ஒரு மாதத்துக்கு மிகச் சில வரிகளே இருந்தாலும், அதைக் கொண்டு அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று முடிவுகட்டுவது நியாயமன்று.

அந்தச் சில வரிகளில் என்னென்ன இருக்கும் என்றால், மின்னொழுக்கினால் கடையொன்றில் பற்றிய தீ, எரிவாயுக் கசிவு, சமையலறைத் தீ, யாரோ கொளுத்திய குப்பையிலிருந்து பக்கத்து வெறுங்காணிக்குப் பரவிய நெருப்பு, கிணற்றுக்குள் விழுந்த மாடு, மாரி காலத்தில் வீதிக்குக் குறுக்கே முறிந்து விழுந்த மரம் என்று கலவையாக இருக்கும். நல்லூர்த் திருவிழாவைப் போலச் சனம் திரளும் இடங்களுக்கான ஆயத்தமும், கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் வீதிகளில் சொக்கப்பனை கொளுத்தும்போது தேவைப்படும் விழிப்பும் இவற்றுக்கு மேலதிகம்.

இலங்கையில் தீயணைப்பு என்பது பொலிஸைப் போல நாடு முழுவதற்குமான ஒரே திணைக்களம் அன்று; அது உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. வாகனமும் ஆளணியும் வைத்திருக்க வசதியுள்ள சபைக்குப் படை உண்டு. வசதியற்ற சபைக்கு அயற்சபையின் உதவிதான் கதி. யாழ்ப்பாணம் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவு மாநகர எல்லைக்கு வெளியே ஓட வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். நகரிலிருந்து பருத்தித்துறைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் தூரம் இருக்கிறது; மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் தடையின்றி ஓடினாலும் அரை மணித்தியாலம் போய்விடும். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தையின் கடைகள் இரவில் எரிந்தபோது அங்கே சொந்தத் தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. 60 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்து வாகனம் வருவதற்கும் கடைகள் எரிந்து முடிவதற்கும் இடையிலான கணக்கை அன்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். கரைச்சிப் பிரதேச சபைக்குத் தீயணைப்புப் பிரிவு அமைந்தது அதன் பிறகுதான்.

சரி, வாகனம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 4,000 லீற்றர் தண்ணீர் கொள்ளும் வாகனம் ஒன்று, நிமிடத்துக்கு 450 லீற்றர் பாய்ச்சும் ஒரேயொரு பெரிய குழாயைத் திறந்தால், ஒன்பது நிமிடத்துக்குள் தாங்கி வறண்டுவிடும். இரண்டு குழாய்களைத் திறந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. வீதிக்கு வீதி தீயணைப்பு நீர்க்குழாய் முனைகள் உள்ள நகரங்களில் இது பெரிய கவலை அன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்து, நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாட்டில் இதுதான் முழுக் கவலையும். ஆனால் இங்கே ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்த படைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் குறைவு.

தெரிந்திருப்பது என்பது சொல்லுமளவுக்கு எளிதன்று. மடங்காத தடித்த உறிஞ்சுகுழாய்களைத் திருகி ஒன்றோடொன்று பூட்டி, குப்பை உள்ளே போகாமல் தடுக்கும் வடிகூடையை நுனியில் மாட்டி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். கூடை தண்ணீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். அடிச் சேற்றையும் தொடக்கூடாது. பிறகு பம்பியிலுள்ள காற்றை வெளியேற்றும்போது அளவுமானியின் முள் சுழியத்துக்குக் கீழே சரிய வேண்டும். நான் பார்த்த ஒரு பயிற்சியில் முள் சரிவதும் மீள்வதுமாக ஆடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் ஏறவில்லை. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் நடுப் பூட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளேயிருந்த இறப்பர் வளையத்தைப் பெருவிரலால் துடைத்தார். ஒட்டியிருந்தது சிறு மணல்தான். அந்த இடுக்கால் காற்று நுழைந்திருக்கிறது. திரும்பப் பூட்டியதும் பம்பியின் சத்தமே மாறிவிட்டது. குழாய் முதலில் காற்றைத் துப்பி, இருமி, பின்னர் ஒரே சீராகப் பாய்ந்தது. உண்மையான தீயின் முன்னால் அந்த மணலைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் கிடைக்காது.

இன்னொரு தடையும் உண்டு. அது யாருடைய திறமைக்கும் கட்டுப்படாதது. உறிஞ்சும் பம்பியில் தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டல அழுத்தம் என்பதால், கணக்கின்படி 10.3 மீற்றருக்கு மேல் எந்தப் பம்பியாலும் உறிஞ்ச முடியாது. நடைமுறையில் ஏழு, ஏழரை மீற்றரே எல்லை. மார்கழியில் கையால் எட்டும் அளவுக்கு நிறைந்திருக்கும் கிணறு, சோளகக் காற்று வீசி ஓயும் ஆவணி, புரட்டாதியில் அடியைக் காட்டும். காய்ந்த புல்லும் கிடுகு வேலியும் எளிதில் பற்றுவதும், காற்று நெருப்பை அள்ளிக்கொண்டு ஓடுவதும் அதே மாதங்களில்தான். ஆகவே மாரியில் செய்த பயிற்சி கோடைக்கு உதவும் என்று இருந்துவிட முடியாது. நீர்மட்டம் இறங்கிய கிணற்றிலும் செய்து பார்க்க வேண்டும், உறிஞ்சி எட்டாத ஆழத்துக்கு நீரில் அமிழும் பம்பியைப் பழகியிருக்க வேண்டும். உவர் நீரையோ கடனீரேரித் தண்ணீரையோ எடுத்திருந்தால், வேலை முடிந்ததும் நன்னீர் விட்டுப் பம்பியைக் கழுவுவதும் பயிற்சியில் அடங்கும்; தவறினால் துருப்பிடித்துவிடும். எந்த அறிக்கையிலும் இந்தக் கழுவல் இடம்பெறாது என்றாலும், நிலையத்தின் ஒழுங்கை அளக்க நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

கிணறு தண்ணீர் தருவதோடு நிற்பதில்லை, ஆளையும் கொல்லும். கிணறு இறைத்துத் துப்புரவு செய்யும்போது மண்ணெண்ணெய் இயந்திரத்தை உள்ளே இறக்கி ஓடவிட்டால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வெளியேற வழியின்றி அங்கேயே தேங்குகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்கியதும், அவரைத் தூக்கவென்று அண்ணனோ அயலவரோ அப்படியே குதித்துவிடுகிறார். இரண்டாவது உயிரும் போவது இவ்வாறுதான். தீயணைப்பு வீரர் முதுகில் காற்றுச் சிலிண்டருடன் இறங்குகிறார். 300 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் அளவு) நிரப்பிய 6.8 லீற்றர் சிலிண்டரில் ஏறத்தாழ 2,000 லீற்றர் காற்று இருக்கும்; கடுமையாக உழைக்கும் ஒருவருக்கு அது அரை மணித்தியாலம் போதும், அவ்வளவுதான். அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கியதும் கருவியிலுள்ள எச்சரிக்கை விசில் தானாக ஊதத் தொடங்கும். விசில் கேட்கு முன்பே வெளியேறும் பழக்கம் புத்தகம் படித்து வருவதன்று. முகமூடியைப் பூட்டிக்கொண்டு, கண்ணை மறைத்து, சுவரைத் தடவித் தடவி நகரும் பயிற்சியை மாதந்தோறும் செய்பவருக்கே அது கைவரும்.

பொதுமக்களுக்கான வகுப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 2021 நவம்பர், டிசெம்பரில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் நடந்த பின்னர் இவற்றுக்கு வரவேற்புக் கூடியது. ஆனால் எங்கள் பணியாளர்களிடம் நான் காண்பது, நுரை தெளிக்கும் காட்சியைக் கைப்பேசியில் பதிவதில் உள்ள ஆர்வம் காரணம் கேட்பதில் இல்லை என்பதே. எரிவாயு காற்றைவிடப் பாரமானது, ஆகையால் தரையோடு படிந்து கிடக்கும். மணம் வந்தால் லைற் சுவிச்சைத் தொடாமல் ரெகுலேற்றரை மூடிக் கதவைத் திறந்துவிட வேண்டும். கொதித்துப் பற்றிய எண்ணெய்த் தாச்சிக்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால், அது ஏறத்தாழ 1,700 மடங்கு நீராவியாக விரிந்து எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடிவிடுவதே போதும். இவ்விரண்டையும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருந்தால் படைக்கு வரும் அழைப்புகளே குறையும்.

கேள்வி கேட்டவர் உண்மையிலேயே உதவ விரும்பினால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1990 அம்புலன்சுக்கு, 119 பொலிசுக்கு. தீயணைப்புக்கு உங்கள் பகுதிக்கு வரக்கூடிய சபையின் எண்ணைக் கேட்டறிந்து சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அழைக்கும்போது விலாசத்தோடு நிறுத்திவிடாமல், ஒழுங்கைக்குள் பெரிய வாகனம் நுழையுமா, கேபிள் கம்பிகள் தாழத் தொங்குகின்றனவா, கிணறு வீட்டுக்கு முன்னாலா பின்னாலா, தண்ணீர் இப்போது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பவற்றையும் சொல்லுங்கள். எத்தனை உறிஞ்சுகுழாய்களைப் பூட்ட வேண்டும் என்பதை அவர்கள் வரும் வழியிலேயே தீர்மானித்துவிடுவார்கள்.